ஆள்காட்டியின் ஒடிந்த சிறகு

ஏரியை ஒட்டிய சரளைமேட்டில் ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது. கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக முட்டைகள் கிடந்தன. பக்கத்தில் நின்று பார்த்தாலும் சட்டென்று தெரியாது. வெயில் ஏறினால் ஆள்காட்டி ஏரிக்கு ஓடும். வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். முட்டை வெந்துவிடக் கூடாதே!

மேட்டின் மறுபக்கம், புல் புதருக்கடியில் வானம்பாடி குடியிருந்தது. அதற்கு ஊர்ப்பட்ட சேதி தெரியும். தெரிந்ததை வயிற்றில் வைத்திருக்கத்தான் தெரியாது. உயரே பறந்து உலகத்துக்கே சொல்லும்.

"கேளுங்க, கேளுங்க! எறும்புக்கு நுரையீரலே கிடையாது! ஆந்தையால கண்ணை உருட்ட முடியாது, கழுத்தைத்தான் திருப்பும்!"

யாருக்கும் நஷ்டமில்லாத சேதிகள். எல்லாரும் கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் காலை கீரி ஒன்று மோப்பம் பிடித்தபடி மேட்டுக்கு வந்தது. ஆள்காட்டி முட்டையை விட்டு விலகி ஓடியது. ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, "ஐயோ, சிறகு ஒடிஞ்சுபோச்சே!" என்று தடுமாறியது. கீரி சப்புக்கொட்டிக்கொண்டு துரத்தியது. வெகுதூரம் போனதும் ஆள்காட்டி ஜம்மென்று பறந்துவிட்டது!

மேலே வானம்பாடிக்கு வாய் பொறுக்கவில்லை.

"ஏமாந்துட்டீங்களே மாமா! ஒடியவும் இல்ல, முறியவும் இல்ல! முட்டை ஒரு பக்கம் இருந்தா, அவ எதிர்ப்பக்கமா உங்களை இழுத்துட்டுப் போவா!"

"அப்படியா சங்கதி! இன்னிக்கு ஓடிக் களைச்சுட்டேன், நாளைக்கு வச்சுக்கறேன்!" என்று கீரி போய்விட்டது.

ஆள்காட்டிக்கு அழாத குறை. "ஏண்டி, என் குடியைக் கெடுக்கவா சாமி உனக்கு வாயைக் கொடுத்துச்சு?"

"இருக்கறதைத்தானே சொன்னேன்க்கா!"

மறுநாள் கீரி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டது ஆள்காட்டி. முட்டைகளை விட்டுத் தள்ளி வந்து நின்று யோசித்தது. 'நான் போற பக்கம் இவன் வரமாட்டான். அப்படின்னா...'

கீரி நெருங்கியதும் சிறகை இழுத்துக்கொண்டு, நேராகத் தன் முட்டைகளை நோக்கியே தடுமாறி நடந்தது!

"போம்மா, போ! உன் நாடகமெல்லாம் எனக்குத் தெரியும்!" என்று கீரி எதிர்ப்பக்கம் திரும்பி ஓடியது.

எதிர்ப்பக்கம் இருந்தது புல் புதர். அதற்கடியில் வானம்பாடியின் மூன்று குஞ்சுகள் இரைக்கு வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

வானத்திலிருந்து கல் விழுவதுபோல் விழுந்தது வானம்பாடி. ஒரு சிறகைத் தொங்கவிட்டு, "ஐயோ, என் சிறகு!" என்று கீரியின் முன்னால் துடித்தது.

கீரி விழுந்து விழுந்து சிரித்தது. "அடியே, இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதானே!"

"அக்கா! என் புள்ளைங்க!" என்று வானம்பாடி அலறியது.

ஆள்காட்டி பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். அதன் முட்டைகள் தப்பிவிட்டன. ஆனால் குஞ்சுகளின் கீச்சுக்குரல் காதில் விழுந்தபின் எந்தத் தாய்க்கு உட்காரத் தோன்றும்? தன் இணையைக் கூவி அழைத்துக்கொண்டு பாய்ந்தது. இரண்டும் மாறி மாறிக் கீரியின் கண்ணைக் குறிவைத்து இறங்கின. கொத்து தாங்காமல் கீரி முள்ளுக்காட்டுக்குள் ஓடியே போனது.

வானம்பாடி தலையைத் தூக்கவில்லை. "மன்னிச்சிடுங்க்கா."

"அதெல்லாம் அப்புறம். முதல்ல புள்ளைங்களுக்கு இரையைக் கொடு!" என்றது ஆள்காட்டி.

தெரிந்தது உண்மையே ஆனாலும், அதைச் சொன்னால் யார் வயிறு எரியும், யார் வயிறு நிறையும் என்று பார்த்துத்தான் வாயைத் திறக்க வேண்டும்.