சொடக்குக்காரன் கேட்ட விடை

வேங்கைபுரி ராஜா வீரகந்தருக்கு ஆண்டவன் எல்லாம் கொடுத்திருந்தான், வேலையைத் தவிர. அதனால் பொழுது விடிந்தால் கொட்டாவி, பொழுது சாய்ந்தால் கொட்டாவி. திறந்த வாய்க்குள் பேய் பிசாசு புகுந்துவிடாமல் சொடக்குப் போடுவதற்கென்றே ஒருவனைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். அவன் பெயர் மருதையன்.

பாவம், வெண்டைக்காயாக இருந்த மருதையனின் விரல்கள் கத்தரிக்காயாக வீங்கிவிட்டன. வீட்டில் மனைவிதான் சோறு ஊட்டிவிட்டாள். இதற்கிடையில், ராஜா தும்மினால் 'நூறு' சொல்கிறவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போக, அந்த வேலையும் இவன் தலையில் விழுந்தது.

"மகாராஜா, உடம்பு தாங்கவில்லை. விடை கொடுங்கள், வீட்டோடு கிடக்கிறேன்" என்று காலில் விழுந்தான்.

"விரலை ஆட்டுவதெல்லாம் ஒரு வேலையா? விடையா கேட்கிறாய்? இனி எனக்கு விக்கல் எடுத்தால் தலையில் தட்டுவதும் நீதான்!" என்றார் ராஜா.

தட்டினான். பலமாகத் தட்டியதாகத் திட்டும் வாங்கினான்.

அழாத குறையாக அரண்மனை விதூஷகர் செவ்வந்தியப்பரிடம் ஓடினான். "போதும் சாமி இந்தப் பிழைப்பு. கை போவதற்குள் நான் போய்விட வேண்டும்."

"அவரிடம் கெஞ்சாதே, விடுகதை போடு. விடுகதை என்றால் மனுஷர் சோறு தண்ணீரை மறந்துவிடுவார்" என்று அவன் காதில் ஏதோ ஓதினார் செவ்வந்தியப்பர்.

மறுநாள் நிறைந்த சபையில் மருதையன் கும்பிட்டான். "மகாராஜா, ஒரு விடுகதை. விடை கொடுப்பீர்களா?"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் விடை கொடுக்காத விடுகதையும் உண்டா? போடு!"

"ஒருவர் வாய் திறப்பார், இன்னொருவனுக்குக் கை வலிக்கும். அது என்ன?"

"ப்பூ! என் கொட்டாவி!" ராஜா தொடையைத் தட்டினார். "சபையோரே, பார்த்தீர்களா? மருதையனுக்கு விடை கொடுத்துவிட்டேன்!"

மருதையன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "விடை கொடுத்த மகாராஜா நீடூழி வாழ்க! போய் வருகிறேன்." எழுந்தவன் வாசலைப் பார்த்து நடையைக் கட்டினான்.

"டேய், எங்கே போகிறாய்?"

"வீட்டுக்குத்தான் மகாராஜா" என்றார் செவ்வந்தியப்பர். "இத்தனை பேர் முன்னால் தங்கள் திருவாயாலேயே விடை கொடுத்தீர்களே! கொடுத்ததைத் திருப்பி வாங்கினால் நன்றாகவா இருக்கும்?"

ராஜா திருதிருவென்று விழித்தார். "அப்படியானால் இனி என் கொட்டாவிக்கு யார் சொடக்குப் போடுவது?"

"கொட்டாவியே வராமலிருக்க மருந்து இருக்கிறது."

"என்ன மருந்து?"

"ஏதாவது வேலை செய்து பாருங்கள்."

ராஜா ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி விதூஷகருக்குப் போட்டார். அந்தச் சிரிப்பு கொட்டாவியாக மாறுவதற்குள் மருதையன் கோட்டை வாசலைத் தாண்டிவிட்டான்.