சங்கிலியில் ஒரு சிவப்புப் புள்ளி

அந்தக் காலத்தில் இரும்பும் பேசும், எண்ணெயும் பேசும். கடற்கரையில் செம்பாயி என்றொருத்தி இருந்தாள். அவள் கணவன் கோலப்பனின் படகை நடுக்கடலில் நிறுத்தி வைப்பது ஓர் இரும்புச் சங்கிலி.

“மண்ணிலிருந்து போனவன்தானே நீ? சிவந்து உதிர்ந்து திரும்பி வா” என்று உப்புக்காற்று தினமும் சங்கிலியைக் கூப்பிடும்.

“அக்கா, என்னால் எத்தனை நாள் மறுக்க முடியும்?” என்று அது செம்பாயியிடம் அழுதது.

செம்பாயி சுறா ஈரலைக் காய்ச்சி எண்ணெய் எடுத்தாள். கண்ணுக்குத் தெரியாத கோடிப் பேர் அதில் இருந்தார்கள். அவர்கள் வாலுக்குத் தண்ணீரே ஆகாது. தலைக்கோ இரும்பும் பிடிக்கும், தண்ணீரும் பிடிக்கும்.

எண்ணெயைச் சங்கிலி முழுக்கப் பூசி, “தலையை இரும்பில் ஊன்றி, வாலை வெளியே நீட்டி, நெருக்கமாக நில்லுங்கள். தண்ணீர் உள்ளே வரக்கூடாது” என்றாள் செம்பாயி.

“எவ்வளவு நேரம்?” என்றாள் வரிசையில் கடைசியாக நின்றவள்.

“அவர் கரை சேரும்வரை.”

கோலப்பன் சிரித்தான். “எனக்கு ஒருநாளாவது எண்ணெய் தேய்த்துவிட்டாயா? சங்கிலிதான் உனக்கு மாப்பிள்ளையா?”

“அது அறுந்தால் நீங்கள் எனக்கு இல்லை. பேசாமல் போங்கள்.”

மூன்று நாள் எல்லோரும் அசையாமல் நின்றார்கள். அலை அடித்து அடித்து வழுக்கிப் போனது. நான்காம் நாள், ஈரலைப் பறிகொடுத்த தன் துணையைத் தேடி ஒரு சுறா படகுக்கடியில் சுற்றியது. ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான், கடைசியாக நின்றவள் இரும்பிலிருந்து தலையை எடுத்துத் தண்ணீர் பக்கம் திருப்பினாள்.

ஊசிமுனை அளவு இடைவெளி. உப்புநீருக்கு அது போதும். அவள் திரும்பியபோது தலை ஊன்ற அங்கே இரும்பு இல்லை. சிவந்த மண்தான் இருந்தது.

அடுத்து வந்த புயலில் சங்கிலி அந்த இடத்தில் அறுந்தது.

உடைந்த பலகையோடு ஒரு துண்டுச் சங்கிலி கரை ஒதுங்கியது. முழுவதும் கருப்பு, அறுந்த முனை மட்டும் சிவப்பு.

“எல்லோரும் நின்றீர்களா?” என்றாள் செம்பாயி.

“நின்றோம், அக்கா. ஒருத்தியைத் தவிர.”

கணவனைத் தேடி நாள் முழுக்கக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை.

அன்று முதல்தான் துரு எப்போதும் ஒரு சின்னப் புள்ளியில் தொடங்குகிறது. கரையில் இரும்புக்கு எண்ணெய் பூசும் பெண்களும், பூசி முடித்த பிறகு, யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா என்று இன்னொரு முறை விரலால் தடவிப் பார்க்கிறார்கள்.