ப்ராக்ஸி சொல்லியாச்சு, போகமாட்டேங்குது

"மேடம், இந்த லினக்ஸுக்குக் காது இருக்கா, இல்லியா?"

குற்றாலிங்கம் சார் சர்வர் அறைக்குள் நுழைந்ததும் கேட்ட கேள்வி இது. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவர் எங்கள் பாலிடெக்னிக்கில் கணினி லேப் பொறுப்பாளர். வயது ஐம்பத்து நாலு. விண்ணரசி மேடத்துக்கு இருபத்தெட்டு. கல்லூரியின் நெட்வொர்க் முழுவதும் மேடம் பொறுப்பில். அந்த அறை வாசலை மிதிப்பதற்கே சாருக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. சின்னப் பெண்ணிடம் போய்க் கேட்பதா என்ற ரோஷம்.

பழுதான என் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். என் பிரிண்டர் பஞ்சாயத்து இன்னும் தொடங்கவே இல்லை.

"என்ன சார் ஆச்சு?"

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு பிராக்டிகல் பரீட்சை. நாப்பத்திரண்டு பிள்ளைங்க. அதுக்கு வேண்டிய சாஃப்ட்வேர் ஒரு லினக்ஸ் மெஷின்லயும் இல்ல. வெளியூர் எக்ஸாமினர் வந்து பாத்தா, லேப் தயாரில்லன்னு எழுதி வச்சிட்டுப் போயிருவாரு. பிள்ளைங்களுக்கு வருஷம் போயிரும். நான் பாத்துக்கிடுதேன்னு பிரின்ஸிபல்கிட்ட வாக்கு வேற குடுத்திருக்கேன்."

"இன்ஸ்டால் பண்ணிற வேண்டியதுதானே?"

"பண்ணிப் பாக்காமலா இங்க வந்து நிக்கேன்?"

எங்கள் கல்லூரிக் கணினி எதுவும் நேராக இணையத்துக்குப் போக முடியாது. நடுவில் ப்ராக்ஸி என்று ஒரு சர்வர் உட்கார்ந்திருக்கிறது. அதன் முகவரியைச் சொல்லி, அது வழியாகப் போனால்தான் உண்டு. சாஃப்ட்வேரோ வெளியே இருக்கிறது.

"ப்ராக்ஸி முகவரி குடுத்தீங்களா?"

"ஆயிரம் தடவ குடுத்தாச்சு. கமாண்ட் அடிக்கிற டெர்மினல்ல நானே டைப் பண்ணிக் குடுத்தேன். அதே டெர்மினல்ல வெளியேயிருந்து ஒரு ஃபைலை இறக்கிப் பாத்தேன். ஜம்முன்னு இறங்குது. இன்ஸ்டால் பண்ணச் சொன்னா மட்டும், சர்வரை எட்ட முடியலன்னு பல்லைக் காட்டுது. உயிரை வாங்குது மேடம்."

"இன்ஸ்டால் பண்ணுறது யாரு?"

"நான்தான்."

"நீங்களா?"

"நான்னா... ரூட். எல்லா அதிகாரமும் உள்ள யூசர். என்னை மாதிரி சாதா யூசருக்கு இன்ஸ்டால் பண்ணுற அதிகாரம் கிடையாதுல்லா? சூடோன்னு முன்னால போட்டா, ரூட் வந்து செய்யும். இது ஃபர்ஸ்ட் இயர் பாடம். எனக்கேவா?"

விண்ணரசி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"பசிக்குது சார். எதிர்க்கடைல ஏத்தங்கா பஜ்ஜி போட்டிருப்பாங்க."

"என்னது?"

"நாலு போதும்."

"நாப்பத்திரண்டு மெஷின் வாயைப் பொளந்துகிட்டு நிக்குது. உங்களுக்கு பஜ்ஜி கேக்குதா?"

"பஜ்ஜி வரட்டும் சார். மெஷினைப் பாப்போம்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சார் அந்த இடத்திலேயே குதித்திருப்பார். ஆனால் காரியம் ஆக வேண்டுமே. பல்லைக் கடித்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனார்.

வேலை நேரத்தில் எங்கள் கேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் ஆபீஸில் முத்திரை குத்திய சீட்டு வேண்டும். யார் போனாலும் வேண்டும். சார் கால் மணி நேரம் நின்று சீட்டு வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"சீட்டு வாங்கியாச்சு. நான் போறேன்."

"நீங்க எதுக்கு சார், மூட்டு வலியோட? இசக்கியம்மாக்காவை அனுப்புங்க."

இசக்கியம்மாள் லேபின் உதவியாளர். சார் வராந்தாவில் நின்று குரல் கொடுத்தார்.

"இசக்கியம்மா, எதிர்க்கடைல நாலு பஜ்ஜி. சட்டுன்னு வாங்க."

பத்து நிமிடத்தில் இசக்கியம்மாள் வெறுங்கையோடு வந்தார்.

"வாட்ச்மேன் விடமாட்டேங்காரு சார். சீட்டு கேக்காரு."

"வாங்கியாச்சுன்னு சொல்லுங்க."

போனார். வந்தார்.

"சொன்னேன் சார். விடல்ல."

"நல்லா சத்தமா சொன்னீங்களா?"

"தெருவுக்கே கேட்டிருக்கும் சார்."

"இன்னொரு தடவ போய்ச் சொல்லுங்க."

அடக் கடவுளே என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது. விண்ணரசி மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பிரிண்டரைப் பார்த்தேன்.

மூன்றாவது தடவையும் வெறுங்கை. சார் போனை எடுத்து வாசல் கேட் வாட்ச்மேனுக்கு அடித்தார்.

"ஞானசிகாமணி! சீட்டு வாங்கியாச்சு ஓய்! முத்திரையெல்லாம் கெடக்கு. இன்னும் என்ன வேணும் உமக்கு?"

வாட்ச்மேனின் குரல் எங்களுக்கும் கேட்டது. "வாங்கினா சரி சார். நான் பாக்கணும்லா?"

சார் போனை வைத்த வேகத்தில் மேசை அதிர்ந்தது. கோபம் முழுவதும் இசக்கியம்மாள் மேல் திரும்பியது.

"நாலு பஜ்ஜி வாங்கிட்டு வரத் துப்பில்ல! ஒரே விஷயத்தை எத்தனை தடவ சொல்றது? யாருக்குமே காது கிடையாதா இந்தக் காலேஜ்ல?"

இசக்கியம்மாள் உச்சி வெயிலில் மூன்று நடை போய் வந்தவர். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அவருக்கும் சுர்ரென்று வந்துவிட்டது.

"சீட்டு உம்ம சட்டைப் பையில கெடக்கு. போறது நானு. என்னைப் போட்டு ஏசினா ஆச்சா?"



சாரின் கை மெல்லப் பைக்குப் போனது. மடித்த தாள் அங்கேதான் இருந்தது. வெளியே எடுத்தார். அதைப் பார்த்தார். அப்புறம் விண்ணரசியைப் பார்த்தார்.

மேடம் என் பிரிண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

சார் சீட்டை இசக்கியம்மாள் கையில் வைத்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"நான் ஒரு மடையன். மனசுல வச்சுக்கிடாதீங்க."

"அது கெடக்கட்டும் சார். நாலு போதுமா, ஆறா வாங்கட்டா?"

பதில் சொல்ல சார் அங்கே இல்லை. மூட்டு வலிக்காரர் லேபைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார். தலையில் அடித்துக்கொள்ளும் சத்தமும் குரலும் வராந்தா முழுவதும் கேட்டன.

"ப்ராக்ஸி முகவரியை எனக்குல்லா குடுத்து வச்சிருக்கேன்! ரூட்டுக்கு யாருடா குடுத்தா? பாவி, ரூட்டுக்கு நீ எங்கடா குடுத்தே?"