பாதி கல்லான துபாஷி

கப்பலெல்லாம் பாய் விரித்து ஓடின காலத்துல, சங்குத்துறைன்னு ஒரு ராஜ்ஜியம் இருந்துச்சு. அங்கே கோட்டைச்சாமி, பவளாயின்னு ஒரு அண்ணனும் தங்கையும். ரெண்டு பேரும் துபாஷிங்க. வெள்ளைக்காரன் பேசுறதை நம்ம கடைக்காரருக்கும், கடைக்காரர் பேசுறதை வெள்ளைக்காரனுக்கும் மாத்திச் சொல்றதுதான் பிழைப்பு.

அந்தத் துறைமுகத்துத் துபாஷிங்ககிட்ட ஒரு கெட்ட பழக்கம். இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தையில எதுன்னு சந்தேகம் வந்தா, ரெண்டையும் சேர்த்து வீசிடுவாங்க. ஏதாவது ஒண்ணு ஒட்டிக்கும் பாருங்க! வியாபாரத்துக்கு அது போதும். மந்திரவாதிக்குப் போதுமா?

அப்படி ஒரு மந்திரவாதி கப்பல்ல வந்து இறங்கி, கலங்கரை விளக்கத்துல குடியேறிட்டான். கதவைப் பூட்ட மாட்டான். உள்ளே வந்தவங்ககிட்ட, "ரெண்டு சொல் தருவேன், ஒண்ணை எடு"ம்பான். தப்பா எடுத்தவங்க அங்கேயே கல்லாயிடுவாங்க. அவனை விரட்ட ராஜாவோட தளபதி போனார், கல்லானார். மந்திரி போனார், கல்லானார். மூணாவதா, இங்கிலீஷ் தெரிஞ்சவனாச்சேன்னு கோட்டைச்சாமி போனான். உன்னை விட்டா ஹவுசுக்குப் போவியா, ஹோமுக்குப் போவியான்னு மந்திரவாதி கேட்டான். பாவிப்பய, பழக்கதோஷத்துல ரெண்டையும் சொல்லித் தொலைச்சான். ஹவுஸ்னா வெறும் கட்டடம், ஹோம்னா நம்ம சொந்தம் இருக்கிற வீடு. பாதி சரி, பாதி தப்பு. இடுப்புக்குக் கீழே கல்லாயிடுச்சு. மிச்சமும் மெல்ல மெல்லக் கல்லாகிட்டே வந்துச்சு.

சேதி கேட்டு பவளாயி ஓடினாள். அம்மா அப்பா இல்லாதவளுக்கு அந்த அண்ணன்தான் எல்லாம். நேரா மந்திரவாதி முன்னால போய் நின்னு, அண்ணனை விடுன்னு கேட்டாள்.

மூணு கேள்வி கேட்பேன், மூணுக்கும் சரியாச் சொன்னா எல்லாரையும் விடறேன், ஒண்ணு தப்பினாலும் நீயும் கல்லுன்னான் அவன். சரியாச் சொன்னா அவன் கையில இருந்த கோல் மின்னும். அந்தக் கோலுக்குப் பொய் தெரியாது.

"ரெண்டு சொல் தருவேன், ஒண்ணை எடு. வெளியே கடல் இரையுதே, அதை ஹியர் பண்றியா, லிசன் பண்றியா?"

கடலை யாரு கவனிச்சா? அதுபாட்டுக்குக் காதுல விழுது. "ஹியர்"னாள். கோல் மின்னுச்சு. கல்லு அண்ணனோட மார்புக்கு ஏறிடுச்சு.

"ரெண்டு சொல் தருவேன், ஒண்ணை எடு. உன் அண்ணன் கல்லாகிறதை சீ பண்றியா, வாட்ச் பண்றியா?"

கிராதகன், கேட்கிற கேள்வியைப் பாருங்க. அவள் வந்ததுலேர்ந்து இமை கொட்டாம அண்ணனைத்தான் பார்த்துக்கிட்டு இருக்காள். "வாட்ச்"னாள். கோல் மின்னுச்சு. கல்லு அண்ணனோட தோளுக்கு ஏறிடுச்சு.

"ரெண்டு சொல் தருவேன், ஒண்ணை எடு. நான் அலோனா, லோன்லியா?"

பவளாயி யோசிச்சாள். அவனுக்குன்னு யாருமில்லை, அப்போ அலோனா? கல்லு கழுத்துக்கு வந்துடுச்சு.

"ரெண்டையும் சொல்லிடு, பவளாயி!"ன்னு கத்தினான் கோட்டைச்சாமி. அத்தோட அவன் வாயும் கல்லாயிடுச்சு.

ரெண்டு சொல்லும் அவள் நாக்கு நுனிக்கே வந்துடுச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு சுத்திலும் பார்த்தாள். தளபதி, மந்திரி, அண்ணன், எல்லாரையும் அவன் தன்னோட நாற்காலியைச் சுத்தித்தான் நிறுத்தி வச்சிருந்தான். எல்லார் முகத்தையும் தன் பக்கமே திருப்பி வச்சிருந்தான். அவன் கதவைப் பூட்டாததும் ஆள் வரணும்னுதான்னு அப்பத்தான் அவளுக்குப் புரிஞ்சுது.

"இத்தனை பேரை நிறுத்தி வச்சிருக்கே, நீ எப்படி அலோன்? வந்தவங்க எழுந்து போயிடுவாங்கன்னு பயந்து கல்லாக்கி வச்சிருக்கே. துணைக்கு ஏங்குறே, நீ லோன்லி."

இல்லவே இல்லைன்னு சாதிச்சான் மந்திரவாதி. அவன் கையில இருந்த கோல் மட்டும் மின்னி, ரெண்டா முறிஞ்சு விழுந்துச்சு.

கல்லெல்லாம் ஆளாச்சு. எல்லாரும் வாசலுக்கு ஓடினாங்க. மந்திரவாதி முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதான். பவளாயிக்கு அவன் மேல கோபம் தீரலை. ஆனா அப்படியே விட்டுட்டுப் போகவும் மனசு வரலை.

"நாளைக்குக் கடைத்தெருவுக்கு வா. யாரையும் நிறுத்தி வைக்காதே, நீயே வந்து பேசு"ன்னாள்.

கோட்டைச்சாமி தங்கச்சி கையைப் பிடிச்சுக்கிட்டு, வா போகலாம்னான். எங்கேன்னு கேட்டாள். வாயைத் திறந்தவன் சட்டுன்னு மூடிக்கிட்டான். கொஞ்சம் யோசிச்சு, ஒரே ஒரு சொல் சொன்னான்.

"ஹோமுக்கு."