பிரகாசிக்கு எது லேசு

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் அன்பிய ஜெபக்குழுவில் இருக்கிற ரெஜினாள். போன தவக்காலத்தில், சிலுவைப்பாதை முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னாள். அவள் சொன்ன மாதிரியே சொல்லப் பார்க்கிறேன்.

“டீச்சர், கம்ப்யூட்டர்ல லினக்ஸ்னு போடுறாங்களே, அதுல எது லேசு?” என்று கேட்டுக்கொண்டேதான் சூசைமாணிக்கம் உள்ளே வந்தார்.

அவர் ஓய்வு பெற்ற கண்டக்டர். ஜெய்னம்பு டீச்சருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பாள்.

“யாருக்கு அண்ணே?”

“பிரகாசிக்குத்தான்.”

பிரகாசி அவர் மனைவி. டைப்பிஸ்ட் வேலை பார்த்தவள். சர்க்கரையில் பார்வை முழுக்கப் போய்விட்டது. மஸ்கட்டில் இருக்கிற மகளுக்குத் தன் கையால் எழுதியே தீருவேன் என்று நிற்கிறாள். போன் பேசலாம்தான். அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு இவர் பக்கத்தை விட்டு நகர்ந்தால்தானே.

“நாலு பேரைக் கேட்டு, அலசி, மூணு வகை எடுத்து வச்சிருக்கேன் டீச்சர். இதுல பட்டனெல்லாம் பெரிசு. அதுல படம் அவ்வளவு அழகு. இது நம்ம பழைய கம்ப்யூட்டர் மாதிரியே இருக்கு.”

மூன்று பென்டிரைவையும் மேசையில் வைத்தார்.

டீச்சர் முதலாவதைச் செருகி ஓடவிட்டாள்.

“துண்டைக் குடுங்க அண்ணே.”

கொடுத்தார். அதை விரித்துத் திரைமேல் போட்டு மூடினாள்.

“இப்ப மகளுக்கு ஒரு வரி எழுதுங்க.”

“ஒண்ணும் தெரியலையே டீச்சர்.”

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூசைமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லவைக்கும் விசைகளைச் சேர்த்து அழுத்தினாள்; சத்தமில்லை. இரண்டாவதைச் செருகினாள். அதே விசைகளை அழுத்தினாள். மூச்சுப் பேச்சில்லை.

மூன்றாவது.

துண்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. கரகரத்த குரல்தான். ஆனால் தமிழ்.

அவர் ‘அ’வை அழுத்தினார். ‘அ’ என்றது. ‘ம’ அழுத்தினார். ‘ம’ என்றது.

“டீச்சர், பேசுது டீச்சர்.”

“பேசுது அண்ணே.”

“இது எது? பெரிய பட்டனா, அழகுப் படமா? பேரென்ன?”

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அவர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். காலில் செருப்பில்லை.

பிரகாசியைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தார். நாற்காலியில் உட்கார்த்தினார். அவள் விசைப்பலகையைத் தடவிப் பார்த்தாள். பிறகு விரல்கள் கிடுகிடுவென்று ஓடின. குரல் படித்தது.

“மகளே, உங்கப்பா இருக்காரே...”

விரல்கள் நின்றன.

“ஏங்க, பக்கத்துலயா நிக்கிறீங்க?”

“ஆமா.”

“கொஞ்சம் வெளியே போய் நில்லுங்க.”

சிரித்துக்கொண்டே வெளியே போனார் சூசைமாணிக்கம். கதவையும் அவரே சாத்தினார்.

பிரகாசிக்காக ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லுங்கள். அந்த டீச்சருக்காகவும் ஒன்று.