கால் இல்லாமல் வந்தது

“கால் வைத்து வருவதைக் கண்டால் கத்து. கால் இல்லாமல் வருவது...”

பழைய காவல்காரர் சொன்னதில் அதுவரைக்கும்தான் ஆள்காட்டிக்கு நினைவிருந்தது. மீதியையும் அவர் சொன்னார்தான். ஆனால் காவலை ஒப்படைத்த அந்தக் கூட்டத்தில், சரியாக அந்த நேரம் பார்த்து இரண்டு நீர்க்காகங்கள் ஒரு கெளுத்திக்காகச் சண்டை போட்டன. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். ஆள்காட்டியும் திரும்பியது. மறுபடி பார்த்தபோது பேச்சு முடிந்து, பெரியவர் சிறகைக் கோதிக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் கேட்க வெட்கமாக இருந்தது. கால் இல்லாமல் வருவது பாம்புதானே, வேறென்ன என்று ஆள்காட்டி விட்டுவிட்டது. அந்த மழைக்காலத்திலேயே பெரியவர் போய்ச் சேர்ந்தார்.

ஆறு ஓடி ஓடிக் களைத்துக் கடலில் சேர்கிற ஒரு கழிமுகத்தில்தான் இந்த ஆள்காட்டிக் குருவி வாழ்ந்துவந்தது. அங்கே பாதி நாள் ஆற்று நீர், பாதி நாள் கடல் நீர். ஓரமெல்லாம் சேறு, சேறெல்லாம் வளை. மீன் தின்னும் பறவைகளும், புழு தின்னும் பறவைகளும், வளைக்குள் நண்டுகளுமாக அது ஓர் ஊர்.

அந்த ஊருக்கு ஆள்காட்டிதான் காவல். நாய் வந்தால் கத்தும். கீரி வந்தால் கத்தும். மனிதர் வந்தால் தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தும். ஏழு கோடைகளாக அதன் கண்ணில் படாமல் ஒரு பாதம்கூட அந்தக் கரையில் பதிந்ததில்லை. கத்திக் கத்தித் தொண்டை கரகரத்துவிட்டது. நின்று நின்று கால்கள் இளைத்துவிட்டன. ஆனாலும், “என் காவலில் இதுவரை ஒன்றும் நடந்ததில்லை” என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. அந்த ஒரு வாக்கியத்தில்தான் அது தன் களைப்பைச் சாய்த்துவைத்திருந்தது.

அது அதிகமாகக் கத்தியது தேசம்மாளைப் பார்த்து. தேசம்மா வலையும் தூண்டிலும் இல்லாமல், கையாலேயே இறால் பிடிக்கிறவள். தண்ணீர் வற்றி இறங்கும் வேளையில் வருவாள். ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் குந்தியபடியே நகர்ந்து, அடிச்சேற்றைத் தடவித் தடவி இறாலை எடுத்துப் பறிக்குள் போடுவாள். கூடவே அவளுடைய நாத்தனார் கன்னியம்மாவும் வருவாள்.

தேசம்மா கரையில் கால் வைத்ததும் ஆள்காட்டி அவள் தலையை உரசுகிற மாதிரி பறந்து கத்தும். அவள் பறியைக் கடிப்பதற்கு முன்னால் அண்ணாந்து பார்ப்பாள்.

“உன் முட்டைய எவடா கேட்டா? போய் வேலையப் பாரு.”

ஆள்காட்டிக்கு அதுதான் வேலை.

அந்தக் கோடையில் அதன் பெட்டை நான்கு முட்டைகள் இட்டது. ஆள்காட்டிகளுக்குக் கூடு என்று தனியாக ஒன்றும் கிடையாது. கரைமேட்டில் சரளைக்கற்களுக்கு நடுவே ஒரு சிறு பள்ளம், அவ்வளவுதான். வெயில் உச்சிக்கு ஏறினால் அந்தக் கல்லின் சூட்டில் முட்டை வெந்துவிடும். அதனால் ஆள்காட்டி கழிமுகத்துக்குப் போகும். மார்பும் வயிறும் ஊற நீரில் அமரும். சொட்டச் சொட்ட ஓடிவந்து முட்டைகளின்மேல் உட்கார்ந்து அவற்றை நனைக்கும். ஈரம் காய்ந்ததும் பெட்டையை உட்காரவைத்துவிட்டு மறுபடி போகும். வெயில் சாயும்வரை இப்படியே நடை. இடையில் நாய் தெரிந்தால் கத்துவதும் உண்டு.

ஒருநாள் நண்டு வளையிலிருந்து பாதி வெளியே வந்து கூப்பிட்டது. நண்டுக்கு எப்போதும் ஏதாவது ஒரு குறை இருக்கும். வெயில் என்றால் சுடுகிறது என்னும். மழை என்றால் வளை இடிகிறது என்னும். அதனால் அதன் பேச்சை யாரும் முழுதாகக் கேட்பதில்லை.

“காவல்கார அண்ணே, என் வளைக்குள் ஒரு நாற்றம் வருகிறது. ஓடு கழற்றிப் பத்து நாள் ஆகிறது. புது ஓடு இன்னும் கெட்டிப்படவில்லை. தொட்டுப் பார், களி மாதிரி இருக்கிறது.”

“யார் வந்தது உன் வளைக்கு?” என்று ஆள்காட்டி கேட்டது.

“யாரும் வரவில்லை.”

“எத்தனை கால் தடம்?”

“தடமே இல்லை அண்ணே. அதைத்தான் சொல்கிறேன்.”

ஆள்காட்டி சுற்றிலும் பார்த்தது. நாய் இல்லை, கீரி இல்லை, மனிதர் இல்லை. பாம்புகூட இல்லை. வராத ஆளுக்குக் கத்தினால் இருக்கிற தொண்டையும் போய்விடும் என்று சொல்லிவிட்டு, மார்பை நனைக்க நீருக்குப் போயிற்று. நீரில் அமர்ந்தபோது மேலே மெல்லிய ஏடு ஒன்று படர்ந்திருந்தது. அதில் ஊதாவும் பச்சையும் மஞ்சளும் ஓடின. கொஞ்ச தூரத்தில் கொக்கு அதே இடத்தில் குனிந்து தன் முகம் பார்த்துக்கொண்டிருந்தது. தன் அழகைத் தவிர வேறெதையும் அது வெகுநேரம் பார்த்ததில்லை.

“இத்தனை காலம் இந்தத் தண்ணீருக்கு நிறமே இல்லாமல் இருந்தது, தம்பி. இப்போதுதான் எனக்குத் தகுந்த கண்ணாடி ஆகியிருக்கிறது” என்றது கொக்கு.

ஆள்காட்டிக்குப் பதில் சொல்ல நேரமில்லை. முட்டைகள் காத்திருந்தன.

நான்கு நாள் கழித்து விடிகாலையில் மடவை மீன்களெல்லாம் மேலே வந்துவிட்டன. வாயை நீருக்கு வெளியே நீட்டி நீட்டிக் காற்றைக் கடித்தன. சில பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. பறவைகளுக்கு அன்று திருவிழா. தின்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத மூத்த நீர்க்காகம், முங்க வேண்டிய அவசியமே இல்லாமல் நின்ற இடத்திலேயே விழுங்கியது. தலை நனையாமல் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை என்று மற்றவர்களிடம் பெருமை பேசியது. மீன்களுக்கு இப்போதாவது மரியாதை தெரிந்ததே, நம்மைத் தேடி வருகின்றனவே என்றது கொக்கு.

மாலைக்குள் நீர்க்காகம் ஒரு கழியின்மேல் உட்கார்ந்து சிறகை விரித்தது. விரித்த சிறகை மடக்கவில்லை. மறுநாள் கழிக்குக் கீழே சேற்றில் கிடந்தது. அளவு தெரியாமல் தின்றான் என்று அதன் தம்பிமார் பேசிக்கொண்டார்கள்.

அன்று தேசம்மாவும் கன்னியம்மாவும் வந்தார்கள். ஆள்காட்டி வழக்கம்போலத் தலைக்குமேல் கத்தியது. கொஞ்ச நேரம்தான் அவர்கள் தண்ணீரில் இருந்தார்கள். வெளியே வந்து மேட்டில் உட்கார்ந்து முழங்கையைச் சொறிந்துகொண்டார்கள். முட்டைகள் பக்கத்தில் இருந்ததால் ஆள்காட்டி விலகாமல் நின்றது.

“எரியுது அண்ணி” என்றாள் கன்னியம்மா. “நேத்து சோத்தப் பிசைய முடியல. கரண்டியாலதான் தின்னேன். எங்க ஊட்டுக்காரரு சிரிக்கறாரு, தொரைசானி ஆயிட்டியான்னு.”

தேசம்மா தன் விரல்களைப் பார்த்தாள். நகத்தின் ஓரமெல்லாம் வெடித்திருந்தது. நேற்றுக் கொடுத்த இறாலைச் சந்தையில் திருப்பிவிட்டார்கள் என்றாள். ஆக்கி இறக்கினால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறதாம். சின்னவனுக்கு அதையே ஆக்கிப் போட்டாளாம். ராவெல்லாம் வாந்தியாம்.

“எல்லாம் மேலக்கரை ஆலைக் குழாயில வர்றதுதான்” என்றாள் தேசம்மா. “தொறக்கற அன்னிக்கு எறங்காம இருந்தா தப்பிச்சுக்கலாம். எப்பத் தொறக்கறான்னு யாரு நமக்கு வந்து சொல்றா?”

கன்னியம்மா ஆள்காட்டியைக் காட்டினாள். “இது ஒண்ணு இருக்குது. தெனம் நம்மளப் பாத்துக் கத்துது. ஒருநா அந்தக் குழாயப் பாத்துக் கத்துச்சா? ஏழைன்னா குருவிக்கும் எளப்பம்தான் அண்ணி.”

தேசம்மா சிரித்தாள். இருவரும் வெறும் பறியோடு போனார்கள்.

முட்டை பொரிக்க வேண்டிய நாள் வந்தது. வந்து போயிற்று. இரண்டாம் நாளும் போயிற்று. பெட்டை ஒவ்வொரு முட்டையாகப் புரட்டிக் காதை வைத்துக் கேட்டது.

“உள்ளே தட்டுகிற சத்தம் இல்லை” என்றது.

“இன்னும் ஒருநாள் பார்.”

“ஓட்டைப் பார். வழுக்குகிறது.”

ஆள்காட்டி குனிந்து பார்த்தது. சரளைக்கல் மாதிரி மங்கலாக இருக்க வேண்டிய முட்டைகள் மினுமினுத்தன. ஊதாவும் பச்சையும் மஞ்சளும் அவற்றின்மேல் ஓடின. யார் வந்தது இங்கே என்று அது சுற்றிலும் தடம் தேடியது. நாயின் தடம் இல்லை. கீரியின் தடம் இல்லை. தேசம்மாளின் பாதம் பத்தடி தள்ளியே நின்றிருந்தது. நீரிலிருந்து முட்டைகள்வரைக்கும், போவதும் வருவதுமாக, சேற்றில் ஒரே ஒரு தடம்தான் இருந்தது. மூன்று விரல். அதன் தடம்.

தன் மார்பில் அலகைப் புதைத்து மோந்தது. மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

ஒரு நாய் கரையோரமாக நடந்துபோயிற்று. ஆள்காட்டி கத்தவில்லை. பெட்டைதான் கத்தியது.

பிறகு அது எழும்பி, ஆற்றின் மேல்பக்கம் பறந்தது. அங்கே ஒரு நீண்ட மதில் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் புகைபோக்கிகள். மதிலின் அடியில் ஒரு குழாய். ஆள்காட்டி எதிரில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பார்த்தது. காலை போயிற்று. ஒரு ஆளும் வரவில்லை. தண்ணீர் வற்றும் வேளையில் உள்ளே எங்கோ ஒரு திருகு திரும்பியது. குழாய் இருமியது. வெதுவெதுப்பாக, கருத்து, மேலே நிறங்கள் மினுங்க, அது வந்தது. அவசரம் இல்லாமல், சத்தம் இல்லாமல், ஆற்றின்மேல் சாய்ந்து படுத்துக்கொண்டு கழிமுகத்தைப் பார்த்துப் போயிற்று.

ஆள்காட்டி கத்தியது. ஏழு கோடைகளில் கத்தாத மாதிரி கத்தியது.

பறவைகளெல்லாம் பறந்துவந்தன. நாய் எங்கே என்று ஒன்று கேட்டது. கீரியா என்றது இன்னொன்று. கொக்கு சுற்றிலும் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டது:

“ஆள் எங்கே, தம்பி?”

“ஆள் இல்லை. அதோ, தண்ணீர்.”

“தண்ணீரா?”

“அதைத்தான் குடிக்கிறோம். அதில்தான் மீன் செத்தது. அதைத்தான் நான் என் மார்பில் ஏந்திப் போய் என் முட்டைகளின்மேல் தேய்த்தேன்.”

பறவைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பாவம், முட்டை போன துக்கம் என்றது ஒன்று. நீர்க்காகத்தின் தம்பி, தண்ணீருக்கு எத்தனை கால், ரெண்டா நாலா என்று கேட்டது. சிலர் சிரித்தார்கள். கொக்கு மட்டும் சிரிக்கவில்லை. அது ஏற்கெனவே குழாயின் கீழே குனிந்து தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. உனக்கு வயதாகிவிட்டது, கரைக்குப் போய் நாயைப் பார், வேலையில்லாத இடத்தில் நின்று எல்லோருடைய பசியையும் கெடுக்காதே என்று சொல்லிவிட்டுப் பறவைகள் கலைந்தன.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கரையோரமாகவே ஊர்ந்து வந்திருந்த நண்டு மட்டும் சேற்றிலிருந்து ஒரு கண்ணை நீட்டியது.

“நான் சொன்னபோது நீயும் இப்படித்தான் கேட்டாய், அண்ணே” என்றது. கண்ணை இழுத்துக்கொண்டது.

ஆள்காட்டிக்குத் தொண்டை போய்விட்டது. இருந்தாலும் தண்ணீர் வந்துகொண்டே இருந்ததால், அதுவும் கத்திக்கொண்டே இருந்தது.

கீழே, கழிமுகத்தில், தேசம்மாவும் கன்னியம்மாவும் அப்போதுதான் கரைக்கு வந்திருந்தார்கள். தலைக்குமேல் சத்தம் இல்லாதது தேசம்மாளுக்கு என்னவோ போல இருந்தது. ஒரு காலை நீரில் வைத்தாள். பறியைப் பல்லுக்குக் கொண்டுபோனவள் நின்றாள்.

“கேளு” என்றாள்.

“குருவிதான அண்ணி.”

“எங்கருந்து கத்துது?”

கன்னியம்மா காதைச் சாய்த்துக் கேட்டாள். மேலக்கரைப் பக்கம் கையைக் காட்டினாள். இருவரும் அந்தத் திசையைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஆற்றின்மேல் அந்த மினுமினுப்பு வருவது தெரிந்தது.

தேசம்மா நீரிலிருந்து காலை எடுத்தாள். கன்னியம்மாளின் முழங்கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்தாள். அன்று அவர்கள் இறங்கவில்லை.

இதை ஆள்காட்டி கல்லின்மேலிருந்து பார்த்தது. ஏழு கோடைகளாக அது யாரைப் பார்த்துக் கத்தியதோ, அவள் ஒருத்திதான் அன்று அதன் சத்தத்துக்குக் காது கொடுத்தாள்.

பெட்டை மேலும் ஐந்து நாள் முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது. ஆறாம் நாள் எழுந்து நடந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. மினுங்கும் நான்கு முட்டைகளும் சரளைக்கற்களுக்கு நடுவே கிடந்தன.

அன்று மாலை ஆள்காட்டி, இனித் தேசம்மாளைக் கண்டால் கத்துவதில்லை, குழாய் திறந்தால் கத்துவது என்று முடிவு செய்து, கரைமேட்டை விட்டு மதிலுக்கு எதிரே இருந்த கல்லுக்குக் குடிபோயிற்று.

நீதி: பழகிய பகைவனையே பார்த்துக்கொண்டிருப்பவன், புதிதாய் வந்த கேட்டைத் தானே சுமந்து வீட்டுக்குக் கொண்டுவருவான்.