பானைக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சாண்

ஓர் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒரு பானையும் ஒரு குழாயும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குள் என்ன இருக்குமோ அதுதான் அவற்றுக்குள்ளும் இருந்தது. சண்டை.

பானை, தர்மப் பானை. ஜவுளிக்கடை சங்குபாண்டி அண்ணாச்சி கோடைக்காகப் பந்தல் போட்டு, முக்காலியில் உட்கார வைத்த பானை. கழுத்தில் செவ்வந்தி மாலை. மாலைக்கு அடியில் ஒரு சங்கிலி. சங்கிலியின் நுனியில் ஓர் எவர்சில்வர் டம்ளர். போன கோடையில் டம்ளர் களவு போய்விட்டதாம், அதனால் இந்தக் கோடையில் சங்கிலி.

குழாய், அரசாங்கக் குழாய். அதன் தலையில் ஒரு குமிழ் இருந்தது. குமிழை அழுத்திப் பிடித்தால் தண்ணீர் வரும், கையை எடுத்தால் நின்றுவிடும். ஜனங்கள் குழாயைத் திறந்துபோட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று நகராட்சியில் உட்கார்ந்து யோசித்து வாங்கியது. உள்ளே இருந்த ஸ்பிரிங் ரொம்பக் கறார். இரண்டு கையாலும் அழுத்தி, அப்படியே குனிந்து வாயைக் கொடுத்துக் குடிக்க வேண்டும். கொஞ்சம் சர்க்கஸ் தெரிந்தவர்களுக்குச் சிரமமில்லை.

காலையில் பொழுது விடிந்ததும் பானைதான் வாயைத் திறக்கும்.

"நான் கொடுப்பது மனசறிந்து கொடுப்பது. நீ கொடுப்பது உத்தரவுக்குக் கொடுப்பது."

"உன் மனசை நான் பார்க்கவில்லை, உன் பேனரைத்தான் பார்க்கிறேன்" என்றது குழாய். "பந்தலைவிடப் பெரிதாக இருக்கிறது. அண்ணாச்சியின் மீசை மட்டுமே ஓர் ஆளுக்கு நிழல் தரும்."

"உனக்கு மட்டும் பலகை இல்லையோ? தலைவர் பெயர், உறுப்பினர் பெயர், பொறியாளர் பெயர். தண்ணீர் என்ற சொல்லுக்குத்தான் இடம் போதவில்லை."

"என்னிடம் யாரும் வரலாம். சாதி கேட்டேனா, ஊர் கேட்டேனா?"

"எப்படிக் கேட்பாய்? நீதான் யார் முகத்தையும் ஏறிட்டே பார்ப்பதில்லையே! போன வருசம் தொண்டை வறண்டு மாசக்கணக்கில் கிடந்தாய். காகிதம் ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கும்வரை ஜனங்கள் என்ன செய்தார்கள், தெரியுமா?"

"அண்ணாச்சி மகள் கல்யாணம் என்று உன்னை நிரப்பாமல் விட்டாரே, அன்றைக்கு என்ன செய்தார்களோ அதைத்தான் செய்திருப்பார்கள்" என்றது குழாய்.

நடுவில் தொங்கிக்கொண்டிருந்த டம்ளருக்குக் காது புளித்துப்போயிற்று. இரண்டு பேருமே கெட்டவர்கள் இல்லை என்று அதற்குத் தெரியும். குளிர்ந்த நீரை ஒருவர் மடமடவென்று குடித்து, "அம்மாடி!" என்று மூச்சு விடும்போது பானைக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்க்கும். குழாயும் பந்தல் பிரித்தபிறகு ஒற்றை ஆளாக ஊருக்கே படியளந்திருக்கிறது. நல்லவர்கள்தான். நல்லவர்கள் என்பதை ஒத்துக்கொள்ள ஆள் வேண்டும், அதுதான் பிரச்சினை.

ஒரு நாள் உச்சி வெயில். பேருந்து போய்விட்டது. கடைக்காரர்கள் பாதிக் கதவை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். மூட்டைவண்டி இழுக்கும் கொம்பையா மட்டும் தள்ளாடித் தள்ளாடி வந்தார். முதலில் பானையிடம் போய் டம்ளரை உள்ளே விட்டார். கடகடவென்று வெறும் சத்தம்தான் வந்தது. காலையில் பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வருகிறார்கள் என்று தளும்பத் தளும்ப நிரப்பினார்கள். படம் எடுத்தாயிற்று. அப்புறம் யார் நிரப்புவது?

கொம்பையா குழாய்ப் பக்கம் திரும்பினார். குமிழில் கை வைத்தார். அழுத்தத் தெம்பில்லை. அப்படியே குழாயின் காலடியில் சரிந்தார்.

துடைப்பம் விற்கும் மூக்கம்மா பார்த்துவிட்டு, தலைச்சுமையைத் தொப்பென்று போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"எண்ணே, கொம்பையாண்ணே! கண்ணத் தொறங்க!"

கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "தண்ணி..."

மூக்கம்மா இரண்டு கையாலும் குமிழை அழுத்தினாள். தண்ணீர் கொட்டியது. பிடிக்கக் கை இல்லை. கையை எடுத்தாள், தண்ணீர் நின்றது. முந்தானையை நனைத்து அவர் வாயில் பிழிந்தாள். நாலு சொட்டு விழுந்தது. வண்டிமாடுபோல் வெயிலில் இழுத்துவிட்டு வந்தவருக்கு நாலு சொட்டு எந்த மூலைக்கு? நெற்றி நெருப்பாகச் சுட்டது. மூக்கம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு டம்ளர் கண்ணில் பட்டது. பிடித்து இழுத்தாள். சங்கிலி விறைத்தது. குழாயின் வாய்க்கும் டம்ளருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. இன்னும் இழுத்தால் பானை கவிழ்ந்துவிடும். அண்ணாச்சி பானையாயிற்றே என்று அவள் கை தயங்கியது.

டம்ளர் கத்தியது. "பானையண்ணே, ஒரு சாண் நகருங்கள்!"

"நகர்வதா? முக்காலியிலிருந்து விழுந்தால் சில்லுச் சில்லாகப் போவேன். தர்மம் செய்ய வந்தவனைச் சாகச் சொல்கிறாயா?"

"குழாயண்ணே, நீங்களாவது கொஞ்சம் இளகுங்கள். அவளுக்கு ஒரு கை மிச்சமானால்தானே என்னைப் பிடிக்க முடியும்!"

"ஸ்பிரிங் விஷயம் என் கையில் இல்லை. இரண்டு கை என்றால் இரண்டு கை. இன்றைக்கு இவருக்கு இளகினால் நாளைக்கு எல்லோருக்கும் இளக வேண்டும்."

"எல்லோருக்கும் இளகினால் என்ன?"

இந்தக் கேள்வி எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாததால் குழாய் திருதிருவென்று விழித்தது.

"இத்தனை நாள் யார் பெரியவர் என்று சண்டை போட்டீர்களே" என்றது டம்ளர். "ஒருவரிடம் தண்ணீர் இருக்கிறது, ஏந்த ஒன்றுமில்லை. இன்னொருவரிடம் நான் இருக்கிறேன், தண்ணீர் இல்லை. நான் களவு போவேன் என்று ஒருவருக்குப் பயம். தண்ணீர் வீணாகும் என்று இன்னொருவருக்குப் பயம். இந்த மனுசர் செத்துப்போவாரே என்று உங்களில் யாருக்காவது பயம் வந்ததா?"

அதற்குள் கொம்பையாவின் உதடு அசைவதும் நின்றுவிட்டது.

அதைப் பானை பார்த்தது. மாலையைப் பார்க்கவில்லை, பேனரைப் பார்க்கவில்லை. மூக்கம்மா இன்னொரு முறை மெல்ல இழுத்தபோது தானாகவே முக்காலியின் விளிம்புக்கு வந்து, எட்டிக் குதித்தது.

அதே நொடியில் குழாயின் வயிற்றுக்குள் கடக்கென்று ஒரு சத்தம். கறாரான ஸ்பிரிங் முதன்முறையாகத் தளர்ந்தது. மூக்கம்மாவின் ஒரு கை பட்டதும் குமிழ் வெண்ணெயாக இறங்கியது. மறு கையில் இருந்த டம்ளர் நிரம்பியது.

முதல் டம்ளரைத் தலையில் ஊற்றினாள். இரண்டாவது டம்ளரை வாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். தொண்டை ஏறி இறங்கியது. கொம்பையா கண்ணைத் திறந்து, "நீயா தாயீ?" என்றார். மூக்கம்மா சிரித்தாள், அழுதாள், "ஆமா, நாந்தான், குடிங்க, பேசாமக் குடிங்க" என்று அதட்டினாள்.

சங்கிலியோடு சேர்ந்து மிஞ்சிய பானைக் கழுத்து, மாலையும் மண்ணுமாகக் கீழே கிடந்தது. "இந்தக் கோடையிலேயே இன்றைக்குத்தான் ஒழுங்காகக் கொடுத்தேன் போல" என்றது.

"உன் டம்ளர் இல்லாவிட்டால் என் தண்ணீர் சாக்கடைக்குத்தான் போயிருக்கும்" என்றது குழாய். அது ஒருவரைப் பாராட்டி ஊர் கேட்டதே கிடையாது.

சத்தம் கேட்டு ஜவுளிக்கடையிலிருந்து சங்குபாண்டி அண்ணாச்சி சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார். நகராட்சியில் தண்ணீர் விடும் பிலவேந்திரன் எதிர்ப்பக்கமிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். நடுவில் கொம்பையா, ஈரத் தலையோடு, குழாய்த் தூணில் சாய்ந்து மூன்றாவது டம்ளரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"எவம்ல என் பானைய ஒடச்சது?" என்றார் அண்ணாச்சி.

"யாரு இந்தக் கொழாயக் கெடுத்தது?" என்றார் பிலவேந்திரன்.

மூக்கம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர்கள் அவளையும் கேட்டார்கள், அக்கம்பக்கத்துக் கடைகளையும் கேட்டார்கள், வெகுநேரம் கேட்டார்கள். யார் குடித்தது என்று மட்டும் கேட்கவில்லை.